டேப்பிலிருந்து தட்டுக்கு: ஜாஸ், ராக் மறுவெளியீடுகளை வாங்கவும் கேட்கவும் ஒரு கையேடு

1959 மார்ச் 2ஆம் தேதி, நியூயார்க் நகரின் 30ஆம் தெருவில் கொலம்பியா இசை நிறுவனத்துக்கு இருந்த ஸ்டூடியோவில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தன் குழுவோடு வாசித்துக்கொண்டிருந்தார். அன்று பதிவு செய்த டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. யாரும் கவனிக்கவில்லை. மெதுவாக ஓடும் இயந்திரத்தில் பதிவானதைப் பின்னர் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தின் முதல் பக்கத்திலுள்ள மூன்று உருப்படிகளும் அப்படி ஏறிய சுருதியிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் விற்றன. தட்டை ஓடவிட்டுக் கூடவே வாசித்துப் பழகியவர்கள் தங்கள் வாத்தியத்தின் மேல்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். 1992இல் ஒரு மறுவெளியீட்டுக்கு வேலை செய்தபோது, அதே நாளில் இரண்டாவது இயந்திரத்தில் எடுத்து வைத்த காப்பு டேப் சரியான வேகத்தில் இருப்பது தெரிந்தது. பிற்பாடு வந்த பதிப்புகள் பெரும்பாலும் அந்தத் திருத்தத்தோடு வருகின்றன.

பழைய ஆல்பத்தைப் புது உறையில் போட்டு விற்பதுதான் மறுவெளியீடு என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால் நல்ல மறுவெளியீட்டுக்குப் பின்னால் யாரோ ஒருவர் கிடங்குக்குப் போயிருக்கிறார், இருக்கும் டேப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், அதை எப்படிக் கேட்கவைப்பது என்று முடிவு செய்திருக்கிறார். நாம் காசு கொடுப்பது அந்த முடிவுக்குத்தான். ஆகவே விலையையும் உறையையும் பார்ப்பதற்கு முன்னால், டேப்புக்கும் தட்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்டுப் பழக வேண்டும். கீழே வரும் படிகள் அதற்காக எழுதியவை.

முதல் படி: ஓர் ஆல்பத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

‘வாழ்நாளில் கேட்டே ஆகவேண்டிய நூறு ஆல்பங்கள்’ போன்ற பட்டியல்களை இப்போதைக்கு மூடி வையுங்கள். இசைத்தட்டை ஓட்டும் டர்ன்டேபிளும் வாங்க வேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும் ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் கிட்டார் நுழைகிறது, எங்கே டிரம்ஸ் நின்று போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிகிற ஆல்பமாக இருக்கவேண்டும். தெரியாத இசையில் பதிப்பு வேறுபாடு காதுக்குப் பிடிபடாது.

பிறகு ஸ்ட்ரீமிங் செயலியில் அதே ஆல்பத்தின் பெயரைத் தேடுங்கள். புகழ்பெற்ற ஆல்பமென்றால் இரண்டு மூன்று பதிப்புகளாவது கிடைக்கும். தலைப்பின் ஓரத்தில் ‘ரீமாஸ்டர்டு 2009’ என்றோ ‘டீலக்ஸ் எடிஷன்’ என்றோ போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே பாடலை மட்டும் கேட்டு, தோன்றியதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இதற்குச் சந்தாவைத் தவிர வேறு செலவில்லை. நான் இப்படிச் செய்யாமல் முதல் ஓராண்டில் வாங்கிக் குவித்ததில் பாதியை, வாங்கிய விலையில் பாதிக்கு விற்றேன்.

இரண்டாம் படி: மூன்று சொற்களைப் பிரித்தறியுங்கள்

மறுவெளியீடு, ரீமாஸ்டர், ரீமிக்ஸ். கடைகளிலும் விளம்பரங்களிலும் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள்.

மறுவெளியீடு என்பது பொதுப்பெயர். மீண்டும் அச்சிட்டால் போதும், வேறெதுவும் மாறியிருக்க வேண்டியதில்லை. ரீமாஸ்டர் என்றால், முன்பு கலந்து முடித்த ஸ்டீரியோ டேப்பை எடுத்து அதன் ஒலியளவு, கீழ்ஸ்தாயி, மேல்ஸ்தாயி போன்றவற்றை மறுபடி சீர்செய்திருக்கிறார்கள். சமைத்த குழம்பில் உப்பு, புளி பார்ப்பது போன்றது இது. ரீமிக்ஸ் அப்படியல்ல. டிரம்ஸ் தனி, குரல் தனி, கிட்டார் தனி என்று தடம் தடமாக இருக்கும் மூலப் பதிவுக்கே திரும்பிப்போய், அதே காய்கறிகளை வைத்துக் குழம்பை மறுபடி கூட்டுவது.

கூட்டுபவரின் கைப்பக்குவத்தைப் பொறுத்து விளைவு மாறும். ஜெத்ரோ டல் குழுவின் ‘அக்வாலங்’ 1971இல் வந்தபோதே அதன் ஒலி கொஞ்சம் அடைத்தாற்போல் இருக்கிறது என்று குறை சொல்லப்பட்டது. 2011இல் ஸ்டீவன் வில்சன் அதை ரீமிக்ஸ் செய்ததும் பழைய ரசிகர்களே அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். தி ஸ்டூஜஸ் குழுவின் ‘ரா பவர்’ எதிர்க்கதை. 1973இல் அதன் பெரும்பகுதியைக் கலந்தவர் டேவிட் பவி. அந்தக் கலவை மெலிந்திருக்கிறது என்று பலருக்கும் மனக்குறை. 1997இல் பாடகர் இகி பாப் தானே உட்கார்ந்து மறுபடி கலந்தார். ஒலியளவை எல்லை தாண்டி ஏற்றி, கேட்பவரின் காதைப் பிய்த்தெடுக்கும் ஒன்றைக் கொடுத்தார். பவியின் கலவையைக் குறை சொன்னவர்களில் பலர் பிறகு அதையே தேடினார்கள். 2010இல் நிறுவனமும் அதை மீண்டும் வெளியிட்டது. எனக்கு இரண்டுமே வேண்டும். ஆனால் முதலில் வாங்குபவருக்குப் பவியின் கலவையைத்தான் சொல்வேன்.

சொல்லாமல் மாற்றிய கதைகளும் உண்டு. டெக்சாஸைச் சேர்ந்த ஸிஸி டாப் குழுவின் 1970களின் ஆல்பங்கள் 1987இல் சிடி பெட்டியாக வந்தபோது, டிரம்ஸ் ஒலியை அந்தக் காலத்து மோஸ்தருக்கு ஏற்ப எதிரொலியோடு மாற்றிவிட்டார்கள். பழைய டெக்சாஸ் புழுதி போய், பளபளப்பான 1980களின் டிரம்ஸ் வந்து உட்கார்ந்தது. ‘டிரெஸ் ஓம்ப்ரெஸ்’ ஆல்பத்தின் மூலக் கலவை 2006இல்தான் சிடியில் திரும்பி வந்தது. அதைவிட மோசம் ஆஸி ஆஸ்பர்னின் ‘பிளிஸர்ட் ஆஃப் ஆஸ்’. 2002 மறுவெளியீட்டில், 1980இல் வாசித்த பாப் டெய்ஸ்லியின் பேஸ் கிட்டாரையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் நீக்கிவிட்டு, வேறு இருவரை வாசிக்கவைத்துச் சேர்த்தார்கள். மூலவரைப் பெயர்த்தெடுத்துவிட்டு வேறு சிலையை வைப்பது போன்ற வேலை. 2011இல் பழைய பதிவே திரும்பியது. பழைய சிடி கடையில் இந்த இரண்டு ஆல்பங்களும் கண்ணில் பட்டால் பின்னட்டையிலுள்ள ஆண்டைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: எந்த டேப், யார் கை என்று கேளுங்கள்

உறையின் பின்பக்கத்திலோ உள்தாளிலோ சிறிய எழுத்தில் ‘மாஸ்டர்டு பை’ என்று ஒரு பெயர் இருக்கும். அதைத் தேடிப் படிப்பதுதான் இந்தப் பழக்கத்தின் அரிச்சுவடி. ஒரு பெயரும் இல்லை, டேப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை, ஆனால் ‘180 கிராம் ஆடியோஃபைல் பதிப்பு’ என்று தங்க எழுத்தில் ஸ்டிக்கர் மட்டும் பளபளக்கிறது என்றால் தட்டைத் திரும்ப வைத்துவிடுங்கள். 180 கிராம் என்பது பிளாஸ்டிக்கின் எடை. தட்டு கையில் கனமாக இருக்கும். அதற்கும் பள்ளத்தில் செதுக்கிய ஒலிக்கும் சம்பந்தமில்லை.

1950களின் ஜாஸ் ஆல்பங்களில்தான் இந்த ஏமாற்றம் அதிகம். காரணம் சட்டத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்பு முன்பு 50 ஆண்டுகள். அதை 70 ஆக நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே காலாவதியானவற்றுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே 1962 வரை வெளியான பதிவுகளை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அச்சிடுபவர்களின் கையில் மூல டேப் இருக்காது. கடையில் விற்கும் சிடி ஒன்றிலிருந்து எடுத்துத் தட்டில் செதுக்கினாலும் சட்டப்படி குற்றமில்லை. நான் ஆசையாக வாங்கிய ஒரு ஹார்ட்-பாப் (1950களின் ஜாஸ் பாணி ஒன்று) தட்டு இப்படித்தான் வாய்த்தது. வீட்டில் ஏற்கெனவே இருந்த சிடியின் ஒலி அச்சு அசலாக அதிலும் இருந்தது, கூடுதலாகக் கொஞ்சம் சொரசொரப்பு.

மாறாக, ப்ளூ நோட் நிறுவனத்தின் ‘டோன் போயட்’ வரிசையைப் பாருங்கள். 2019இல் தொடங்கியது. தயாரிப்பு ஜோ ஹார்லி. டோன் போயட் என்பது சாக்சஃபோன் கலைஞர் சார்ல்ஸ் லாயிட் அவருக்கு வைத்த பட்டப்பெயர். மூல டேப்பிலிருந்து நேராகத் தட்டில் செதுக்குபவர் கெவின் கிரே. அந்த டேப்புகளில் பெரும்பாலானவற்றைப் பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர், முதலில் நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலும், 1959 முதல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் கட்டிய ஸ்டூடியோவிலும். பதிவு முதல் அச்சு வரை யார் கை பட்டது என்று ஒவ்வொரு கட்டமும் தெரிகிறது. அதே நிறுவனத்தின் ‘கிளாசிக் வினைல்’ வரிசை விலை குறைவு, உறை எளிமை. செதுக்குபவர் பெரும்பாலும் அதே கிரேதான். கையில் அளவான பணம் இருப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். பிரெஸ்டீஜ், ரிவர்சைடு போன்ற லேபிள்களின் (இசைத்தட்டு நிறுவனங்களின்) ஆல்பங்களுக்கு 1980களில் தொடங்கிய ‘ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்’ வரிசை இருக்கிறது. அதன் பழைய சிடிகள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. 2023இல் கிராஃப்ட் ரெக்கார்டிங்ஸ் அந்த வரிசையை எல்பியில், அதாவது பெரிய இசைத்தட்டில், புதுப்பித்தது.

‘முழுக்க அனலாக்’, அதாவது நடுவில் எங்கும் டிஜிட்டலாக மாற்றாதது, என்ற சொல்லுக்கும் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். உயர்தர மறுவெளியீடுகளுக்குப் பெயர்போன மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகள் டேப்பிலிருந்து நேராகச் செதுக்கப்பட்டவை என்று சேகரிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்தார்கள். 2022 ஜூலையில் அதன் பொறியாளர்களே நடுவில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். வழக்கு நடந்தது, நிறுவனம் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. மறைத்தது தவறு, அதில் பேச்சில்லை. ஆனால் எனக்குச் சிரிப்பு வந்தது வேறு காரணத்துக்காக. டிஜிட்டல் ஒலி காதில் பட்ட மறுகணமே தெரிந்துவிடும் என்று சத்தியம் செய்தவர்களில் பலர் அதுவரை அதே தட்டுகளைத்தான் அனலாக்கின் உச்சம் என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

நான்காம் படி: சத்தத்தைப் பார்த்து மயங்காதீர்கள்

1990களின் பிற்பகுதியிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் வந்த ராக் மறுவெளியீடுகளில் பெரிய நோய் ஒன்று இருந்தது. சிடியில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்ட முடியாது. எல்லாமே சத்தமாகக் கேட்கவேண்டுமென்றால், மெல்லிய பகுதிகளைத் தூக்கி, உயர்ந்த பகுதிகளை நசுக்கி, எல்லாவற்றையும் கூரைக்கு அடியில் ஒரே உயரத்தில் அடுக்கவேண்டும். டிரம்ஸ் அடிக்கும்போது வரவேண்டிய அதிர்வு போய், சொத்தென்று ஒரு சத்தம் மிஞ்சும். மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ மறுவெளியீடு அல்ல, 2008இல் வந்த புது ஆல்பம்தான். ஆனாலும் பாடம் அதில் தெளிவாக இருக்கிறது: சிடியைவிட, ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ விளையாட்டில் வந்த அதே பாடல்கள் நசுங்காமல் நன்றாக இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள்.

இதை வாங்கும் முன்பே ஓரளவு சோதிக்கலாம். ஆல்பங்களின் ஒலி ஏற்ற இறக்கத்தை அளந்து எண்ணாகப் பதியும் ‘டைனமிக் ரேஞ்ச்’ தரவுத்தளம் இணையத்தில் இருக்கிறது. ஒரே ஆல்பத்தின் 1980களின் சிடிக்கு 13 என்றும் பிந்தைய ரீமாஸ்டருக்கு 7 என்றும் இருந்தால், இரண்டாவதை நசுக்கியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். எல்பிக்கான எண்களை மட்டும் இதில் நம்ப வேண்டாம். ஊசி, தட்டின் இயல்பு காரணமாக அவை உண்மையைவிட உயர்வாகவே வரும்.

ஐந்தாம் படி: எந்த வடிவம்?

நான் சொல்வதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். தொடங்குபவருக்குச் சிறந்த வடிவம் பழைய சிடிதான். மலிவு, உறுதி, தேய்மானம் இல்லை; நசுக்கும் காலத்துக்கு முந்தைய மாஸ்டர்கள் அதில்தான் இருக்கின்றன. 1980களின் சிடிகளில் மூன்று எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும்: ஏஏடி, ஏடிடி, டிடிடி. முதல் எழுத்து பதிவு, இரண்டாவது கலவை, மூன்றாவது மாஸ்டரிங். ஏ என்றால் அனலாக், டி என்றால் டிஜிட்டல். தரத்துக்கு அது சான்றிதழ் ஆகாது. ஆனால் கையிலிருக்கும் பொருளின் பிறப்பைச் சொல்லும்.

எல்பிக்கு வருவதென்றால் முதலீடு தட்டில் தொடங்குவதில்லை. பெட்டி வடிவ டர்ன்டேபிள்கள் பார்க்க அழகு. அவற்றில் பல, ஊசியை அளவுக்கு மீறிய பாரத்தோடு பள்ளத்தில் அழுத்துபவை. பெரும்பாலான நல்ல கார்ட்ரிட்ஜ்களுக்கு (ஊசியைத் தாங்கும் சிறு பாகம்) 1.5 முதல் 2.5 கிராம் வரை பாரம் போதும். அதைச் சரிசெய்ய வசதியுள்ள டர்ன்டேபிளாக வாங்குங்கள். கூடவே ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். தட்டில் செதுக்கும்போது கீழ்ஸ்தாயியைக் குறைத்து மேல்ஸ்தாயியைக் கூட்டிச் செதுக்குகிறார்கள்; அதைத் திருப்பிச் சமன் செய்வது ப்ரீஆம்பின் வேலை. அது இல்லாவிட்டால் தகரக் கொட்டகைக்குள் கச்சேரி நடப்பது போலக் கேட்கும்.

மோனோவா (எல்லாம் ஒரே தடத்தில்) ஸ்டீரியோவா (இடம், வலம் என இரண்டு தடத்தில்) என்ற கேள்வியும் இங்கே வரும். 1960களின் பல ஆல்பங்களில் இரண்டும் தனித்தனிக் கலவைகள். பீட்டில்ஸின் 1967 ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தில் மோனோவுக்குத்தான் குழுவினர் நேரம் கொடுத்து உடனிருந்தார்கள். ஸ்டீரியோ பெரும்பாலும் அவர்கள் இல்லாமலேயே முடிந்தது. ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாடலை இரண்டிலும் கேளுங்கள். மோனோவில் வேகமும் சுருதியும் கூடுதல். எது ‘சரி’ என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு மோனோ.

ஆறாம் படி: பழைய தட்டு வாங்கும்போது

டிஸ்காக்ஸ் இணையதளத்தைப் பழகிக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டு தொடங்கியது. ஒரே ஆல்பத்தின் ஒவ்வொரு அச்சுக்கும் தனிப் பக்கம் வைத்திருக்கிறது. உங்கள் கையிலிருப்பது எந்த அச்சு என்று உறுதி செய்ய, உறையைவிடத் தட்டின் நடுப்பகுதிதான் உதவும். இசை முடிந்து லேபிள் தொடங்குவதற்குள் இருக்கும் வெற்று வளையத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். எண்களும், சில சமயம் செதுக்கியவரின் முதலெழுத்துகளும் கீறப்பட்டிருக்கும்.

அந்த வளையத்தில் எழுதாத வரலாறு இல்லை. 1969இல் வந்த ‘லெட் ஸெப்பலின் 2’ தட்டின் முதல் அமெரிக்க அச்சில் ‘ஆர்எல்’ என்று கீறியிருப்பதற்கு இன்று பெரும் விலை. ராபர்ட் லட்விக் செதுக்கியது. மலிவு டர்ன்டேபிள்களில் ஊசி துள்ளும் அளவுக்கு அவர் கீழ்ஸ்தாயியைத் துணிந்து செதுக்கிவிட்டார் என்று, நிறுவனம் அதை நிறுத்திவிட்டு அடக்கமாக ஒன்றை வெட்டவைத்தது. ப்ளூ நோட்டின் பழைய தட்டுகளில் காது போல ஒரு சிறு குறி இருந்தால் அது பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சானது என்று பொருள். 1960களின் நடுவில் நிறுவனம் கைமாறும் வரை வந்தவற்றில் மட்டும் அது இருக்கும். சேகரிப்பாளர்கள் அதைக் காது என்றே சொல்கிறார்கள், அந்தக் காதுக்காகவே ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தின் ஜார்ஜ் பெக்கம் செதுக்கியவற்றில் ‘எ போர்க்கி பிரைம் கட்’ என்று கையெழுத்து இருக்கும்.

தட்டின் நிலையைக் குறிக்கும் சொற்களில் ஏமாறாதீர்கள். ‘நியர் மின்ட்’ என்றால் ஏறக்குறைய புதிது. ‘விஜி பிளஸ்’ என்றால் சிறு கீறல்கள் தெரியும், கேட்க நன்றாக இருக்கும். வெறும் ‘விஜி’ என்பதை விரித்தால் மிக நன்று என்று பொருள் வரும்; போட்டுக் கேட்டால் கடுகு தாளிக்கும் ஓசை கேட்கும். ‘குட்’ என்று போட்டிருந்தால் சுவரில் மாட்டலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே விலை மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

‘லிமிடெட் எடிஷன்’ என்ற சொல்லுக்கு அவசரப்படவும் வேண்டாம். அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவின் ஐம்பதாம் ஆண்டுக்கு 2019இல் 38 சிடிகள் கொண்ட பெட்டி ஒன்று வந்தது. விழா நடந்த ஆண்டை நினைவுபடுத்தி 1969 பிரதிகள் மட்டும். அது உண்மையான வரம்பு. எத்தனை பிரதி என்றே சொல்லாத ‘லிமிடெட்’ பெரும்பாலும் அடுத்த ஆண்டு வேறு நிறத்தில் வரும்.

உட்ஸ்டாக் என்றதும் ஒரு சிறு விலகல். 1969 ஆகஸ்ட் 15 அன்று அந்த மேடையில் தொடக்க உரை நிகழ்த்தியவர் சுவாமி சச்சிதானந்தா. கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர். அடுத்த ஆண்டு ஆலிஸ் கோல்ட்ரேன் தம்முடைய குருவான அவர் பெயரால் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ ஆல்பத்தைப் பதிவு செய்தார், 1971இல் இம்பல்ஸ் லேபிளில் வந்தது. ஹார்ப், ஃபேரோ சாண்டர்ஸின் சாக்சஃபோன், அடியில் விடாமல் ஓடும் தம்பூரா. ஜாஸ் பக்கம் புதிதாக வரும் தமிழ் வாசகர் யாராவது எதில் தொடங்குவது என்று கேட்டால் இதைத்தான் கையில் கொடுப்பேன். சுருதி பிடித்து உட்காரும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

ஏழாம் படி: ஒப்பிட்டுக் கேட்பது எப்படி

இரண்டு பதிப்புகளைக் கேட்டு எது நல்லது என்று சொல்லும் முன், இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாத ஒப்பீடு வீண். இரண்டில் சற்றே சத்தமாக இருப்பதைக் காது எப்போதும் ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும். கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலியே போதும். ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரே இடத்தில் வைத்து, ஒரே பகுதியை ஓட்டிச் சரிசெய்யுங்கள்.

ஒரு நிமிடப் பகுதிக்கு மேல் ஒப்பிட வேண்டாம். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தின் முதல் உருப்படியான ‘சோ வாட்’ நல்ல சோதனைக்களம். பில் எவன்ஸின் பியானோவும் பால் சேம்பர்ஸின் டபுள் பேஸும் மெதுவாகத் தொடங்கும். ஒன்றரை நிமிட அளவில் மைல்ஸின் தனி வாசிப்பு ஆரம்பிக்கும் இடத்தில் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஓர் அடி கொடுப்பார். அந்த அடி எவ்வளவு நேரம் காற்றில் நின்று கரைகிறது என்று கவனியுங்கள். மோசமான பதிப்பில் அது கிளிக் என்று வெட்டுப்பட்டதுபோல் நிற்கும். நல்லதில் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் மினுங்கும். பேஸின் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகக் கேட்கிறதா, இல்லை ஒரே முழக்கமா என்றும் பாருங்கள். சுருதியைச் சோதிக்கக் கைப்பேசியில் டியூனர் செயலி இருக்கிறது.

அறையைக் கேட்கப் பழகவேண்டுமென்றால் பில் எவன்ஸ் டிரியோவின் வில்லேஜ் வேன்கார்டு பதிவுகள் போதும். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் அந்த நிலவறை கிளப்பில் ஒரே நாளில் ஐந்து அமர்வுகள். கண்ணாடிக் கோப்பைகளின் ஓசை, மேசைப் பேச்சு, ஒரு சிரிப்பு எல்லாம் இசையோடு பதிவாகியிருக்கின்றன. பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினொரு நாள் கழித்துக் கார் விபத்தில் இறந்தார், வயது 25. எல்பிகளில் தேர்ந்தெடுத்த உருப்படிகள் மட்டும் வந்தன. 2005இல் மூன்று சிடிகளில் முழுநாளும் வரிசைப்படி வந்தது. அதில் முதல் உருப்படி ‘குளோரியாஸ் ஸ்டெப்’ நடுவில் மின்சாரம் போய் டேப் தடுமாறும். முன்பு ஒதுக்கிவைத்த அந்தப் பதிவையும் சேர்த்திருக்கிறார்கள். கூடுதல் உருப்படிகள் என்ற பெயரில் தேறாத ஒத்திகைகளைத் திணிக்கும் பெட்டிகள் நிறைய இருக்கின்றன. இது அந்த வகை அல்ல. மின்வெட்டோடு வளர்ந்த நமக்கு அந்த இடத்தில் ஒரு தனி நெருக்கமும் ஏற்படும்.

எட்டாம் படி: வைத்துக் காப்பது

நம் ஊர் வெயிலுக்கு எல்பி பயப்படும். பரண், ஜன்னலோரம், வெயிலில் நிற்கும் கார் மூன்றும் ஆகாது. தட்டுகளைப் படுக்கையாக அடுக்கினால் அடித்தட்டு வளையும். நூலகப் புத்தகம்போல் நேராக நிறுத்துங்கள், சாய விடாதீர்கள். வெளியுறைக்குக் கெட்டியான பிவிசி பைகள் வேண்டாம், வெப்பத்தில் அவை தட்டோடு வினைபுரிந்து மங்கலான படலத்தை உண்டாக்கும். பாலிப்ரோப்பிலீன் போதும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, மாதம் ஒருமுறை கதவைத் திறந்து காற்றாட விடுங்கள்.

ஒவ்வொரு முறை போடும் முன்னும் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷால் ஒரு சுற்று துடையுங்கள். கடையில் வாங்கிய பழைய தட்டென்றால் முதலில் காய்ச்சி வடித்த நீரில், பள்ளத்தின் போக்கிலேயே கழுவுங்கள். குழாய் நீரிலுள்ள உப்பு பள்ளத்தில் தங்கிவிடும்.

கழுவியும் சொரசொரப்பு போகவில்லை, தட்டு தி ஹூ குழுவின் 1970 ‘லைவ் அட் லீட்ஸ்’ என்றால் மறுபடி கழுவிச் சிரமப்படாதீர்கள். மேடைப் பதிவிலேயே இருந்த சத்தம் அது. ‘சொரசொரப்பு இருந்தால் பரவாயில்லை, திருத்த வேண்டாம்’ என்று லேபிளிலேயே கையெழுத்தில் எழுதி அச்சிட்டிருக்கிறார்கள். 1995இல் வந்த சிடியில் எல்லாச் சொரசொரப்பும் திருத்தப்பட்டுவிட்டதாக அறிவித்தார்கள்.